டேட்டா அனலிடிக்ஸ்: இலவசமாகவே கற்கலாமா, 85,000 ரூபாய் கட்டிச் சேரலாமா?

கேள்வி

வணக்கம். நான் பி.காம். முடித்துவிட்டு, கரூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி வேலைகளைப் பார்த்து வருகிறேன். டேட்டா அனலிஸ்ட் பணிக்கு மாற வேண்டும் என்ற எண்ணத்தில் எக்செலில் தரவைத் திரட்டிச் சீராக்கும் பவர் கொயரியையும், தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் எஸ்க்யூஎல் மொழியையும் யூடியூப் வகுப்புகள் வழியாகக் கற்று வந்தேன். பாடத்தில் காட்டும் மாதிரித் தரவில் எல்லாம் சரியாக வருகிறது. அலுவலகக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நின்றுபோகிறேன். அண்மையில் ஒரு வாடிக்கையாளரின் கொள்முதல் பதிவேட்டையும் ஜிஎஸ்டிஆர்-2பி-யையும் (விற்பவர்கள் தாக்கல் செய்த பில்களைக் கொண்டு ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) இன்வாய்ஸ் எண்ணை வைத்து லெஃப்ட் ஜாயின் (பதிவேட்டின் எல்லா வரிசைகளோடும் பொருந்தும் 2பி வரிசைகளை ஒட்டுவது) செய்தபோது, 412 வரிசைகள் இருந்த பதிவேடு 437 வரிசைகளாகி, உள்ளீட்டு வரியின் (கொள்முதலில் கட்டி, பிறகு கழித்துக்கொள்ளும் வரி) கூட்டுத்தொகையும் உயர்ந்துவிட்டது. காரணம் புரியவில்லை.

இந்த நிலையில் இணையவழிப் பயிற்சி நிறுவனம் ஒன்றிலிருந்து தொடர்ந்து அழைக்கிறார்கள். ஆறு மாதப் பயிற்சி, 85,000 ரூபாய் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, வட்டியில்லா இஎம்ஐ, 'நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு உதவி' என்கிறார்கள். இலவசமாகப் படிப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் பாதியில் நின்றுபோவார்கள் என்று அங்குள்ள கவுன்சிலர் சொன்னது மனத்தில் தைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால்தான் சலுகையாம். என் சம்பளம் 17,000 ரூபாய். சேரலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். அந்த வரிசைகள் ஏன் பெருகின என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (தரவுப் பொறியாளர்)

முதலில் வரிசைகளைப் பார்ப்போம். இன்வாய்ஸ் எண் என்பது ஒரு விற்பனையாளருக்குள், அதுவும் ஒரு நிதியாண்டுக்குள் மட்டுமே தனித்தன்மை உடையது. ஜிஎஸ்டி விதி 46 கேட்பதும் அவ்வளவுதான். ஆகவே '45' என்ற எண்ணில் நூல் வியாபாரியும் பில் போட்டிருப்பார், சாயப்பட்டறைக்காரரும் போட்டிருப்பார். எண்ணை மட்டும் வைத்து இணைத்தால் ஒருவருடைய பில் மற்றவருடைய பில்லோடும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது காரணமும் இருக்கலாம்: ஒரே பில்லில் 5 விழுக்காடும் 18 விழுக்காடும் கலந்திருந்தால், அது இரு பக்கமும் இரண்டு இரண்டு வரிசைகளாகப் பதிவாகியிருக்கும், அவற்றை அப்படியே இணைத்தால் நான்காகும். இரண்டு அட்டவணைகளையும் ஜிஎஸ்டிஐஎன் (விற்பனையாளரின் ஜிஎஸ்டி பதிவு எண்), இன்வாய்ஸ் எண், நிதியாண்டு ஆகிய மூன்றையும் கொண்டு குரூப் செய்து (மூன்றும் ஒன்றாக உள்ள வரிசைகளைத் தொகுத்து), வரித்தொகையைக் கூட்டி, பில்லுக்கு ஒரு வரிசையாக்கிக்கொண்ட பிறகு, அதே மூன்றையும் வைத்து இணையுங்கள். 412 வரிசைகளும் பில்வாரியாகக் குறையும், கூட்டுத்தொகை மாறாமல் நிற்கும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. நீங்கள் நின்ற இடத்துக்கும் இலவசம், கட்டணம் என்ற பாகுபாட்டுக்கும் தொடர்பே இல்லை. எல்லாப் பாடங்களிலும் மாதிரித் தரவைத் துப்புரவாகத் துடைத்துத்தான் கொடுப்பார்கள், 85,000 ரூபாய்ப் பாடத்திலும் அப்படித்தான். உங்களுக்குக் குறைவாக இருப்பது காணொளி அன்று; நீங்கள் எழுதியதைப் பார்த்து, எங்கே பிசகியது என்று சொல்லும் ஓர் ஆள். அந்த நிறுவனம் அந்த ஆளைத் தருகிறதா என்பது ஒன்றுதான் கேட்க வேண்டிய கேள்வி. கற்பிக்கும் பொருளைப் பொறுத்தவரை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சிஎஸ்50 என்ற கணினிப் படிப்பை நடத்தும் குழு எஸ்க்யூஎல்லுக்கென்றே தனிப் படிப்பு ஒன்றை இலவசமாக நடத்துகிறது. அதன் பயிற்சிக் கணக்குகளை நிரலே திருத்தித் தருகிறது, எல்லாவற்றையும் முடித்தால் சிஎஸ்50 தரும் சான்றிதழுக்கும் காசில்லை. எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளம் வழியாகச் சரிபார்க்கப்பட்ட சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். ஆனால் நிரல் தவறு என்று மட்டுமே சொல்லும், ஏன் தவறு என்பதை விளக்காது. அந்த இடைவெளிக்குத்தான் விலை இருக்கிறது.

மறுமொழி 2 (கட்டணப் பயிற்சி முடித்தவர்)

நான் பணம் கட்டிப் படித்தவன், அதற்காக வருந்தவில்லை. வாரந்தோறும் ஒருவர் என் எஸ்க்யூஎல் வினவல்களை வரி வரியாகப் படித்து, 'இதை ஏன் இப்படி எழுதினாய்' என்று கேட்டதற்குத்தான் நான் கொடுத்த பணம் போனது என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். பதிவுசெய்த காணொளிகளை நான் ஏறக்குறையத் தொடவேயில்லை, ஏனென்றால் அவற்றைவிடத் தெளிவானவை வெளியே சும்மா கிடைத்தன.

பாதியில் நின்றுபோவது பற்றிக் கவுன்சிலர் சொன்னது முழுப்பொய் அன்று. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரைப்படி, 2017-18-இல் பங்கேற்றவர்களில் சுமார் 3 விழுக்காட்டினரே முடித்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்தார்கள். எனினும் முடித்தே தீருவது என்று இருப்பவர்கள்தான் பெரும்பாலும் பணத்தைக் கட்டுகிறார்கள் என்பதால், கட்டணம்தான் முடிக்க வைத்தது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. தவிர, பணம் கட்டியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் முடிக்கவில்லை என்பதைக் கவுன்சிலர் சொல்லமாட்டார்.

கெடுவும் தேர்வும் இருந்தால்தான் உங்களுக்குப் படிப்பு ஓடும் என்றால், அதற்கு 85,000 ரூபாய் தேவையில்லை. ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் படிப்புகளில் சேர்வதும் பாடம் கேட்பதும் இலவசம். நேரில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய், அதுவும் சான்றிதழ் வேண்டுமென்று நினைப்பவர்களுக்கு. வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடு, தேர்வுக்கு 75 விழுக்காடு என்று மதிப்பெண் பிரிவதால் வாரங்களைத் தொடர்ந்து தவறவிட்டால் உறைக்கும். ஆங்கில விளக்கம் தடையாக இருந்தால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் இருக்கிறது. கோர்செரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் கட்டணப் படிப்புகளுக்கும் நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். அது பலருக்குத் தெரிவதில்லை.

மறுமொழி 3 (வங்கிக் கடன் பிரிவில் இருப்பவர்)

படிப்பின் தரம் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் இஎம்ஐ பற்றி மட்டும் சொல்கிறேன். 85,000 ரூபாய்க்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 1,00,300 ரூபாய். நீங்கள் சம்பளக்காரர், உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது என்பது நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு தவணையென்றால் மாதம் சுமார் 8,360 ரூபாய், அதாவது சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி.

'வட்டியில்லா இஎம்ஐ' என்பது பெரும்பாலும் பயிற்சி நிறுவனம் கொடுக்கும் தவணைச் சலுகையன்று. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். முழுத்தொகை பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும், வட்டியை அவர்கள் கழிவாக ஏற்றுக்கொள்வார்கள், கடன்காரர் நீங்கள். வகுப்பு பிடிக்கவில்லை என்று நடுவில் நின்றாலும், நிறுவனமே வகுப்பை நிறுத்திவிட்டாலும் தவணை தானாக நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் மதிப்பெண் சரியும். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, ஆண்டு வட்டி விகிதம் உட்பட எல்லாச் செலவையும் காட்டும் முக்கிய விவரத் தாளை அவர்கள் முன்கூட்டியே தர வேண்டும். அபராதமில்லாமல் கடனிலிருந்து விலகிக்கொள்ள ஒரு குறுகிய அவகாசமும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்க்காமல் ஓடிபி சொல்ல வேண்டாம்.

'வேலைவாய்ப்பு உதவி' என்ற சொல்லுக்கு ரெஸ்யூமேயைத் திருத்தித் தருவது என்றுகூடப் பொருள் கொள்ளலாம். வேலை உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சித் துறைக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. அதனால்தான் பலர் 'உறுதி' என்பதை விட்டு 'உதவி'க்கு மாறிக்கொண்டார்கள் என்பது என் ஊகம். பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பிறகு தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய அந்த மின்னஞ்சல்தான் கைகொடுக்கும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒரு பயிற்றுநர் என் வேலையைத் தனியாகப் பார்த்துத் திருத்துவார் என்று அந்த நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டேன். 'சந்தேகங்களுக்கு வாட்ஸாப் குழு உண்டு, அதில் இருநூறு மாணவர்கள் இருக்கிறார்கள்' என்று பதில் வந்தது. விவரத் தாளைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. ஆனால் சலுகை மட்டும் அடுத்த ஞாயிறு வரை நீண்டிருக்கிறது. இப்போதைக்குச் சேரவில்லை. சிஎஸ்50-யின் எஸ்க்யூஎல் படிப்பைத் தொடங்கியிருக்கிறேன்.

குரூப் செய்து இணைத்ததும் கூட்டுத்தொகை சரியாகிவிட்டது. ஆனால் 2பி-யில் இருக்கும் சில பில்கள் பதிவேட்டிலும் கண்ணெதிரே இருக்கின்றன, இருந்தும் இணையவில்லை. ஒரு பக்கம் '0045' என்றும் மறுபக்கம் '45' என்றும் இருக்கிறது. ஓர் எண் 'டிசம்பர்-24' என்று மாறிக் கிடக்கிறது.

மறுமொழி 1 (தரவுப் பொறியாளர்)

'12/24' என்ற பில் எண்ணை எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. டாலி கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பை நேரடியாகத் திறக்காமல், பவர் கொயரி வழியாக அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்து உள்ளே கொண்டுவாருங்கள். திறந்து சேமித்த கோப்பில் பழைய எண் மீளாது என்பதால் டாலியிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். பிறகு இரு பக்கமும் இடைவெளி, சாய்கோடு, சிறுகோடு ஆகியவற்றை நீக்கி, முன்னால் உள்ள பூஜ்ஜியங்களை வெட்டி, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி ஒரு புதிய நெடுவரிசையில் வையுங்கள். மூல எண்ணை அழிக்க வேண்டாம். அதன் பிறகும் இணையாதவற்றை ஜிஎஸ்டிஐஎன், தேதி, வரிக்குட்பட்ட தொகை ஆகியவற்றைக் கொண்டு தேடி, கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

வாடிக்கையாளரின் பெயரையும் ஜிஎஸ்டிஐஎன்னையும் மாற்றிவிட்டு இதையே உங்கள் முதல் புராஜெக்டாக எழுதி வையுங்கள். நேர்காணலில் மாதிரித் தரவுப் புராஜெக்டுகளைப் பார்த்துச் சலித்தவர்கள் இதைக் கட்டாயம் நிறுத்திக் கேட்பார்கள். ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும்: 2பி-யில் கிரெடிட் நோட்டுகள் (விற்றவர் பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டுகள்) தனி ஷீட்டில் இருக்கும், உங்கள் பதிவேட்டில் அவை கொள்முதலோடு கலந்து எதிர்மறைத் தொகையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் இணையாமல் நிற்பவை எத்தனை என்று இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.