ஓட்டுநர் உரிமம் முடங்கிய நிலையில் வண்டி ஓட்டினால்: வர்ஜீனியாவின் கிராமப்புறக் கவுண்டிகளில் தீர்ப்பை முடிவுசெய்வது எது?

ரிச்மண்ட்வாசி:
சென்ற மாதம் ஷெனாண்டோவா பள்ளத்தாக்குப் பக்கத்துக் கவுண்டி (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி) நீதிமன்றம் ஒன்றில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். நான் போனது என் சொந்த வழக்குக்காக. வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைல் வேகத்தைத் தாண்டினால் அது வெறும் அபராதச் சீட்டு அல்ல, குற்ற வழக்கு என்பதை நம்மவர்களில் பலர் சம்மன் கைக்கு வந்த பிறகே தெரிந்துகொள்கிறோம், நானும் அப்படித்தான்.

எனக்கு முன்னால் இருவர், இருவர் மீதும் ஒரே குற்றச்சாட்டு: முடக்கப்பட்ட உரிமத்தோடு வண்டி ஓட்டியது. முதலாமவர் ஓர் இளைஞர். முந்தைய வாய்தாவுக்கும் அன்றைக்கும் இடையில் உரிமத்தை மீட்டுவிட்டிருந்தார். அந்த அட்டையை நீதிபதியிடம் காட்டியதும் வழக்கு 'உரிமமின்றி ஓட்டுதல்' என்ற சிறிய பிரிவுக்கு மாற்றப்பட்டு, அபராதத்தோடு முடிந்தது. அடுத்தவர் கோழி இறைச்சி ஆலையில் இரவுப் பணி செய்யும் நடுத்தர வயதுப் பெண். பக்கத்து வீட்டுக்காரர் தம் பிக்கப்பில் அவரை அழைத்து வந்திருந்தார். அவரால் உரிமத்தை மீட்க முடியவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று, சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, உரிமம் மேலும் 90 நாள் முடக்கப்பட்டது. இருவரும் செய்த குற்றம் ஒன்றே என்னும்போது, தீர்ப்பைப் பிரித்தது சட்டமா, அல்லது வாய்தாவுக்குள் பணம் புரட்ட முடிந்ததும் முடியாமல் போனதுமா?

நேர்வழி:
நீங்கள் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லிவிட்டு, அவருடைய உரிமம் ஏன் முடக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். வர்ஜீனியாச் சட்டப் பிரிவு 46.2-301 இதை முதல் வகுப்புச் சிறு குற்றமாக வைத்திருக்கிறது. உச்சத் தண்டனை 12 மாதச் சிறையும் 2,500 டாலர் அபராதமும். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததை இதோடு ஒப்பிட்டால் நீதிபதி இரக்கம் காட்டியிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏழைகள் அபராதம் கட்ட முடியாமல் உரிமத்தை இழக்கிறார்கள்" என்ற பழைய வாதமும் இன்று அங்கே செல்லாது. நீதிமன்றக் கட்டணப் பாக்கிக்காக உரிமத்தைத் தானாகவே முடக்கிய பிரிவுக்கு எதிராக 2016இல் வழக்குத் தொடரப்பட்டது. 2018 டிசம்பரில் சார்லட்ஸ்வில் கூட்டாட்சி நீதிபதி நார்மன் மூன் இடைக்காலத் தடை விதித்தார். 2019 ஜூலையில் ஆளுநர் நார்தாமின் பட்ஜெட் திருத்தம் அந்த நடைமுறையை நிறுத்தியது. 2020இல் சட்டமன்றம் பிரிவையே நீக்கியது. எஞ்சியிருப்பவை குடிபோதை, ஆபத்தான ஓட்டுதல், காப்பீடின்மை போன்ற காரணங்கள்தாம். அமெரிக்காவில் உயிரிழப்பில் முடியும் விபத்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில், உரிமமில்லாத அல்லது செல்லாத உரிமம் வைத்திருந்த ஓட்டுநர் ஒருவராவது இருந்தார் என்று அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ.வின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை கண்டறிந்ததையும் நினைவில் வையுங்கள்.

வழக்குக்கட்டு:
சட்ட அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் கோப்பு தூக்கியவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். நேர்வழி சொன்ன ஆண்டுகள் சரி, பட்டியல்தான் முழுமையானதல்ல. பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையில் 90 நாள் பாக்கி விழுந்தாலோ, பாக்கி 5,000 டாலரைத் தொட்டாலோ இன்றும் டி.எம்.வி. (மாநில மோட்டார் வாகனத் துறை) உரிமத்தை முடக்கலாம். அதற்கும் ஸ்டியரிங் பிடிக்கும் திறமைக்கும் தொடர்பில்லை. அந்த ஐந்தில் ஒன்று என்ற கணக்கில் ஒருபோதும் உரிமமே எடுக்காதவர்களும், குடித்துவிட்டு ஓட்டி உரிமம் இழந்தவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். மோட்டார் வாகன நிர்வாகிகள் சங்கம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2006இல் உரிமம் முடங்கியிருந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு அதன் காரணம் சாலைப் பாதுகாப்பைச் சேர்ந்ததே அல்ல.

ஆனால் ரிச்மண்ட்வாசியும் முக்கியமான ஒன்றைப் பார்க்கத் தவறிவிட்டார். அந்தப் பெண்ணின் பக்கத்தில் வக்கீல் நின்றாரா? வர்ஜீனியாவில் சிறைத்தண்டனை தரப்போவதில்லை என்று நீதிபதி முன்கூட்டியே எழுதிவிட்டால், வசதியற்றவருக்கு அரசு வக்கீல் அமர்த்தத் தேவையில்லை. 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்காட் எதிர் இல்லினாய் வழக்கில் வகுத்த விதிதான் இதற்கு அடிப்படை. 'சிறை இல்லை' என்பது கேட்க இரக்கமாக இருக்கும், நடைமுறையில் அதுவே வக்கீல் இல்லாமல் செய்துவிடும். (நிறுத்திவைத்த சிறைத்தண்டனையும் சிறைத்தண்டனைதான்; எனவே அன்று அவருக்கு வக்கீல் அமர்த்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவர் வேண்டாம் என்று கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்திட்டிருப்பார் என்பது என் ஊகம்.) அப்படியே அமர்த்தினாலும், மாவட்ட நீதிமன்றத்தில் (நீங்கள் உட்கார்ந்திருந்தது போன்ற கீழ்நிலை நீதிமன்றம்) நடக்கும் சிறு குற்ற வழக்குக்கு அந்த வக்கீலுக்குக் கிடைக்கும் தொகை நீண்ட காலம் 120 டாலர் உச்சவரம்பில்தான் நின்றது. அந்தக் காசுக்கு எத்தனை முறை மலைப்பாதையில் வண்டியோட்டி வருவார்?

வக்கீல் இருந்திருந்தால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருந்திருக்கும்: உரிமம் முடங்கியது அவருக்குத் தெரியுமா? தெரிந்தே ஓட்டினார் என்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். வீடு மாறியவருக்குப் பழைய முகவரிக்குப் போன கடிதம் ஒன்றே சான்றாகக் கோப்பில் இருந்தால் வழக்கு ஆட்டம் காணும். இரண்டாவது, இன்னொரு வாய்தா கேட்டிருப்பார்.

நேர்வழி:
வாய்தா மேல் வாய்தா கொடுப்பதை நீதி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒரு கவுண்டியின் நீதிபதி மூன்று மாதம் பொறுப்பார், அடுத்த கவுண்டிக்காரர் முதல் நாளே முடித்துவிடுவார். சிறு குற்றங்களில் அரசு வழக்கறிஞர் வந்து நின்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை. சீட்டு எழுதிய காவலரே சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார். இந்தத் தனிப்பட்ட சலுகையைவிட, எழுதியபடி எல்லோருக்கும் ஒரே தண்டனை என்பது குறைந்தபட்சம் வெளிப்படையானது. குடிபோதையால் உரிமம் இழந்து ஓட்டுபவர்களுக்கு 18.2-272 என்ற தனிப்பிரிவு உண்டு, பத்து ஆண்டுகளில் மூன்றாம் முறையானால் அது பெருங்குற்றம். அவர்களிடம் யாரும் வாய்தா இரக்கம் காட்டச் சொல்வதில்லை என நம்புகிறேன்.

ரிச்மண்ட்வாசி:
அவர்களைப் பற்றி நான் பேசவே இல்லை. தூரத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஹைலேண்ட் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 2,232 பேர்தான் இருக்கிறார்கள். அதன் தலைநகர் மான்டரேயிலிருந்து ஸ்டான்டன் நகருக்குச் சுமார் 45 மைல், மலைத்தொடர்களைக் கடந்து போக வேண்டும். அங்கே இருப்பவரிடம் "ஓட்டாதே" என்பதும் "சம்பாதிக்காதே" என்பதும் ஒன்றுதான். இது நான் கண்டுபிடித்த தர்க்கமல்ல. 1971இல் பெல் எதிர் பர்சன் வழக்கில், ஜார்ஜியாவின் மூன்று கிராமப்புறச் சமூகங்களுக்குக் காரில் சென்று பணியாற்றிய ஒரு போதகரின் உரிமம், விபத்தில் அவர் மீது தவறு இருந்ததா என்று விசாரிக்காமலே பறிக்கப்படவிருந்தது. உரிமம் பிழைப்புக்கு இன்றியமையாததாகலாம், முறையான விசாரணையின்றி அதைப் பறிக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம்.

நேர்வழி:
பெல் வழக்கு உரிமத்தைப் பறிக்கும் முன் விசாரணை வேண்டும் என்கிறது; பறித்த பின் ஓட்டலாம் என்று சொல்லவில்லை. அதே உச்ச நீதிமன்றம் 2020இல் கேன்சஸ் எதிர் குளோவர் வழக்கில், வண்டியின் பதிவு உரிமையாளருக்கு உரிமம் இல்லை என்று தெரிந்தால், ஓட்டுபவர் வேறொருவர் என்பதற்கான அறிகுறி இல்லாத நிலையில், காவலர் அந்த வண்டியை நிறுத்தலாம் என்றது. டக்ளஸ் கவுண்டி ஷெரிஃப் உதவியாளர் ஒருவர் பிக்கப்பின் எண்ணைச் சரிபார்த்ததில் தொடங்கிய வழக்கு அது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உரிமத்தை மீட்டு வந்தால் பிரிவு குறையும் என்பது எல்லா நீதிபதிகளும் செய்வதாக இருந்தால், அதை வக்கீல்களின் வாய்வழிச் செய்தியாக விடாமல், சம்மனிலேயே அச்சிட வேண்டும்.

வழக்குக்கட்டு:
அச்சிட்டால் பாதி வழக்குகள் நீதிமன்றம் வரை வராமலே தீர்ந்துவிடும். இன்னொன்றையும் பெரிய எழுத்தில் அச்சிடலாம்: மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துப் பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்தால், அதற்கு மேல்நிலையிலுள்ள சர்க்யூட் நீதிமன்றத்தில் வழக்கு முதலிலிருந்து புதிதாக விசாரிக்கப்படும். அதற்குள் உரிமத்தை மீட்டு, அந்த இளைஞரைப் போலவே அட்டையைக் காட்டலாம். ரிச்மண்ட்வாசி, அந்தப் பெண் வெளியேறும்போது யாராவது இதைச் சொன்னார்களா?

ரிச்மண்ட்வாசி:
என் காதில் விழவில்லை. அபராதத்தை எந்த ஜன்னலில் கட்டுவது என்று மட்டும் அவர் கேட்டார், குமாஸ்தா கையைக் காட்டினார். அதே நேரத்தில் என் வக்கீல் என் வழக்கைச் சாதாரண வேக மீறலாகக் குறைத்து வாங்கியிருந்தார், நான் அவருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். தேதியைப் பார்த்தேன்: அந்தப் பத்து நாள் முடிந்து இன்றோடு பதினாறு நாளாகிறது.