கருடமங்கலம் மணற்கல்லில் உள்ள வளைத்தடங்கள்: அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம். திருச்சி மாவட்டம் கருடமங்கலம் பக்கம் சுமார் 9 கோடி ஆண்டுப் பழமையான கடல் மணற்கல்லில் உள்ள வளைத்தடங்களின் (பழங்கால உயிரிகள் குடைந்த பொந்துகளின் புதைபடிவங்கள்) படங்களை இணைத்திருக்கிறேன். கட்டைவிரல் தடிமனில் குழாய்கள், 'ஒய்' வடிவில் கிளை பிரிகின்றன; பிரியும் இடம் சற்றுப் புடைத்திருக்கிறது. தலசினாய்ட்ஸ் (வழவழப்பான சுவருள்ள வளைத்தட வகை) என்றுதான் முதலில் குறித்தேன். ஆனால் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சுவரின் வெளிப்புறம் மிளகு மிளகாகச் சொரசொரப்பு. இது ஒஃபியோமார்ஃபாவா (உருண்டைகள் பதித்த சுவருள்ள வகை)?

இரண்டுமே இறால் போன்ற உயிரிகள் குடைந்த வளைகள்தான். ஆனால் தளர்ந்த மணலில் சுவர் சரியாமலிருக்கவே அந்த உயிரி சேற்று உருண்டைகளை வைத்துப் பூசும்; அதுதான் ஒஃபியோமார்ஃபா. இறுகிய தரையில் அந்தப் பூச்சு தேவைப்படாது; அது தலசினாய்ட்ஸ். எனவே அலை புரட்டும் ஆழமற்ற மணற்பரப்பா, அமைதியான அடித்தளமா என்பது இதைப் பொறுத்தே இருக்கிறது. சிப்பியை அலை எங்கிருந்தும் அடித்து வந்திருக்கலாம், வளை அப்படி நகராது. அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

ஒரே வளையில் இரண்டு வகையும் கலந்து வருவதுண்டு என்பதும் தெரியும். அப்படியானால் களக்குறிப்பில் எப்படிப் பெயரிடுவீர்கள்? அரியலூர், காரைப் பகுதிகளில் வேலை பார்த்தவர்கள் ஒப்பிட அளவுகோல் வைத்த படம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். பாறையை உடைக்காமல் சுவரைச் சரிபார்க்க வழியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.