1917-18 என்எச்எல்: வாண்டரர்ஸ் ஆடியது ஆறா, நாலா?

அட்டவணைப் பைத்தியம்:

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் முதல் சீசனை ஆட்டம் ஆட்டமாக எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள், வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள். மொத்தமே நாலு அணிகள். ஆனாலும் மூன்று இடத்தில் கணக்கு இடிக்கிறது.

மான்ட்ரியல் வாண்டரர்ஸ் 6 ஆட்டத்தில் 1 வெற்றி, 5 தோல்வி என்று புள்ளிப் பட்டியல் சொல்கிறது. எனக்குக் கிடைப்பது நாலு ஸ்கோர்தான். டொராண்டோவை 10-9 என்று ஜெயித்தார்கள். அப்புறம் கனடியன்ஸிடம் 11-2, ஒட்டாவாவிடம் 6-3, 9-2 என்று தோற்றார்கள். மிச்சம் ரெண்டு ஆட்டம் எங்கே போனது?

அடுத்தது, கனடியன்ஸ், டொராண்டோ ரெண்டுமே 13 வெற்றி, 9 தோல்வி. கனடியன்ஸ் 115 கோல் போட்டு 84 வாங்கியிருக்கிறது. டொராண்டோ போட்டது 108, வாங்கியது 109! அப்படியிருக்க டொராண்டோ எப்படி சாம்பியன்?

கடைசியாக, கனடியன்ஸின் ஜோ மலோன் 20 ஆட்டத்தில் 44 கோல். அச்சுப் பிழையா, நிஜமா?

நீலக்கோடு:

முதல் கேள்விக்குப் பதில், தீ. 1918 ஜனவரி 2 அன்று மான்ட்ரியல் அரீனா எரிந்து போனது. கனடியன்ஸுக்கும் வாண்டரர்ஸுக்கும் அதுதான் சொந்தத் தளம். கனடியன்ஸ் ஜூபிலி அரீனாவுக்கு மாறிக்கொண்டு ஆடினார்கள். வாண்டரர்ஸ் லீக்கை விட்டே விலகிவிட்டார்கள். அவர்கள் வராத ரெண்டு ஆட்டத்தை எதிரணிக்கு வெற்றியாக எழுதிவிட்டார்கள், ஒன்று கனடியன்ஸுக்கு, ஒன்று டொராண்டோவுக்கு.

மலோன் விஷயம் எளிது. அந்தக் காலத்தில் கோல்கீப்பர் கீழே விழுந்து பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, தடுக்கக் கூடாது. நின்றுகொண்டேதான் தடுக்க வேண்டும். அப்படி இருந்தால் யார்தான் கோல் போட மாட்டார்கள்?

பழைய ஸ்கேட்:

தீயைப் பற்றி நீலக்கோடு சொன்னது சரி. ஆனால் வாண்டரர்ஸைத் தீ மட்டும் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அணி ஏற்கெனவே உயிரை விட்டுக்கொண்டிருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் பட்டாளத்தில் இருந்தார்கள். உரிமையாளர் சாம் லிக்டன்ஹைன், மற்ற அணிகள் ஆள் கொடுக்காவிட்டால் விலகிவிடுவேன் என்று தீக்கு முன்பே மிரட்டிக்கொண்டிருந்தார். டிசம்பர் 19 அன்று நடந்த முதல் ஆட்டத்துக்குச் சீருடையில் வந்த படைவீரர்களை இலவசமாகவே உள்ளே விட்டார்கள். அப்படியும் வந்தது சுமார் 700 பேர். பத்தொன்பது கோல் விழுந்த ஆட்டத்தை அவ்வளவு பேர்தான் பார்த்தார்கள்! அந்த லீக்கின் முதல் கோல் வாண்டரர்ஸின் டேவ் ரிச்சி போட்டது. ஒரே வெற்றி, முதல் கோல், ரெண்டும் ஒரே ராத்திரியில். பாவம், அதோடு சரி.

தம்பி, உங்கள் தாளில் அந்த நாலு ஸ்கோரைக் கூட்டிப் பாருங்கள். வாண்டரர்ஸ் போட்டது 17, வாங்கியது 35. புள்ளிப் பட்டியலிலும் அதே எண்தான். ஆடாத ஆட்டங்களுக்கு வெற்றி தோல்வி உண்டு, கோல் கிடையாது.

சாம்பியன் விஷயம். சீசனை ரெண்டு பாதியாகப் பிரித்திருந்தார்கள். முதல் 14 ஆட்டத்தில் கனடியன்ஸ் 10 வெற்றி, 4 தோல்வி என்று முன்னால் நின்றது. பின்பாதி 8 ஆட்டத்தில் அதே கனடியன்ஸ் 3-5 என்று சரிந்தது, டொராண்டோ 5-3. பாதிக்கு ஒரு சாம்பியன், ரெண்டு பேரும் மோதினார்கள். ரெண்டு ஆட்டம், மொத்த கோல்தான் கணக்கு. டொராண்டோ முதலில் 7-3 ஜெயித்து, அடுத்ததில் 4-3 தோற்றது. மொத்தம் 10-7.

டொராண்டோ என்று எழுதும்போது இன்னொரு வேடிக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சில பட்டியலில் 'அரீனாஸ்' என்று இருக்கும், சிலதில் வெறும் டொராண்டோ. காரணம் எடி லிவிங்ஸ்டன். பழைய லீக்கான என்எச்ஏவில் டொராண்டோ அணி அவருடையது. மற்ற உரிமையாளர்களுக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. வெளியேற்ற வழி தெரியாமல், 1917 நவம்பரில் மான்ட்ரியல் விண்ட்சர் ஹோட்டலில் கூடி, அவர் இல்லாத புது லீக்கையே தொடங்கிவிட்டார்கள். அதுதான் என்எச்எல். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாமல், பக்கத்திலேயே புது வீடு கட்டிக் குடிபோன மாதிரி. ஆனால் அவருடைய ஆட்டக்காரர்களை மட்டும் விடவில்லை. டொராண்டோவின் அரீனா நிறுவனம் அவர்களை வைத்தே அணியை நடத்தியது, அவர்களைக் கொண்டே ஸ்டான்லி கோப்பையும் வென்றது. லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்று அப்புறம் வழக்கு. அரீனாஸ் என்ற பெயர் அடுத்த சீசனில்தான் வந்தது. நான் 1917-18க்கு டொராண்டோ என்று மட்டும் எழுதுவேன்.

அட்டவணைப் பைத்தியம்:

17, 35 பொருந்துகிறது! நன்றி ஐயா. அப்போ மலோன்? நீலக்கோடு சொன்னபடி கோல்கீப்பர் விதிதான் காரணம் என்று குறிப்பு எழுதிவிடலாமா?

பழைய ஸ்கேட்:

எழுதாதீர்கள். ஒட்டாவாவின் கோல்கீப்பர் கிளின்ட் பெனடிக்ட் 'தவறி' விழுவதுபோல விழுந்து விழுந்து தடுத்ததில் லீக்கே சலித்துப்போய், ஜனவரி 9 அன்று, சீசன் நடுவிலேயே, விழலாம் என்று விதியை மாற்றிவிட்டது. ஆட்டங்கள் மார்ச் வரை நடந்தன. மலோன் ஆடியதில் பெரும்பகுதி கோல்கீப்பர்கள் தாராளமாக விழத் தொடங்கிய பிறகுதான்.

முன்னால் பாஸ் கொடுக்கவும் அந்த சீசனில் அனுமதி இல்லை. பனித்தளத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் நீலக்கோடே அடுத்த சீசனில்தான் வந்தது, நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பக்கைத் தானே தள்ளிக்கொண்டு போக வேண்டும், இல்லை பின்னால் வருகிறவனிடம் விட வேண்டும். அது கோல் போடுவதைக் கடினமாக்கும் விதி.

எனக்குப் படுவது இதுதான். கியூபெக் அணி அந்த வருஷம் ஆடவில்லை. அதன் ஆட்டக்காரர்களை மற்றவர்கள் பங்குபோட்டுக்கொண்டதில் மலோன் கனடியன்ஸுக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே நியூஸி லலோண்ட், டிடியே பிட்ரே. யாரை மடக்குவது? மாற்று ஆட்கள் கொஞ்சம் பேர்தான், நல்ல ஆட்டக்காரன் கிட்டத்தட்ட முழு நேரமும் பனியிலேயே இருப்பான். முதல் ஆட்டத்திலேயே ஒட்டாவாவுக்கு எதிராக 5 கோல். காலம் எளிதான காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் ஆடிய சை டெனனி ஒட்டாவாவுக்காக 20 ஆட்டத்தில் 36. மலோன் அவரைவிட எட்டு அதிகம். அந்த 44 ஒரு சீசன் சாதனையாக 1944-45 வரை நின்றது. மோரிஸ் ரிச்சர்ட் 50 போட்டு முறியடித்தார், அவருக்கு 50 ஆட்டம் கிடைத்தது.

நீலக்கோடு:

கோபமெல்லாம் இல்லை. ஆனாலும் சராசரி கோலைப் பார்த்தால் கோல்கீப்பர்கள் மேல் எனக்கு மரியாதை வர மாட்டேன் என்கிறது.

பழைய ஸ்கேட்:

நாலு அணியும் போட்டது 342. ஆடிய ஆட்டம் 34. ஆட்டத்துக்கு 10 கோல்! மரியாதை வராதுதான். இருந்தாலும் கனடியன்ஸ் கோல்கீப்பர் ஜார்ஜ் வெசினாவை மட்டும் விட்டுவிடுங்கள். பிப்ரவரி 18 அன்று டொராண்டோவை 9-0 என்று பூஜ்யத்தில் அடக்கியது அவர். என்எச்எல்லில் அதுதான் முதல் முறை.

தம்பி, சராசரி எடுக்கும்போது 36ஆல் வகுத்துவிடாதீர்கள், ஆடாத ரெண்டும் அதில் சேர்ந்திருக்கும். ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடருக்கும் தனித் தாள் போடுங்கள். மேற்குக் கரை லீக்கின் வான்கூவர் மில்லியனர்ஸோடு டொராண்டோவில் ஐந்து ஆட்டம். ஒரு ஆட்டம் கிழக்கு விதி, அணிக்கு ஆறு பேர். அடுத்த ஆட்டம் மேற்கு விதி, ஏழு பேர், ஏழாவது ஆள் ரோவர், நிலையான இடம் இல்லாமல் எங்கும் ஓடுகிறவன். கிழக்கு விதியில் நடந்த மூன்றும் டொராண்டோவுக்கு, 5-3, 6-3, 2-1. மேற்கு விதியில் நடந்த ரெண்டும் வான்கூவருக்கு, 6-4, 8-1. கூட்டினால் வான்கூவர் 21, டொராண்டோ 18. விதி என்று ஒரு கட்டம் தனியாக வைக்காவிட்டால் அந்தத் தாளும் உங்களுக்கு இடிக்கும்.