107-வது நிமிடக் கோல்: அல்ஜீரியாவின் 2021 அரபு கோப்பை ‘அன்பளிப்பு’ என்று சொன்னவருக்கு

பச்சைவெள்ளை:
கத்தாரின் லுசைல் மைதானத்தில் மொராக்கோ 3-2 என்று ஜோர்டானை வென்று 2025 அரபு கால்பந்துக் கோப்பையைத் தூக்கியதிலிருந்து இங்கே ஒரு மொராக்கோ ரசிகர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார். எழுதட்டும், ஜெயித்தவர்கள் ஆடத்தான் செய்வார்கள். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி: “2021-ல் அல்ஜீரியா வாங்கியது ரெஃப்ரி கொடுத்த அன்பளிப்பு. 107-வது நிமிடத்தில் எவனாவது பெனால்டி கொடுப்பானா?” அந்த ஒரு வரிக்குத்தான் இந்த இழை. அட்லஸ்ரசிகன், வாருங்கள்.

அட்லஸ்ரசிகன்:
வந்துவிட்டேன். கத்தார் - அல்ஜீரியா அரையிறுதி, அல் துமாமா மைதானம். எக்ஸ்ட்ரா டைமுக்கே போகாத ஆட்டம். ஆனால் ஜெயித்த கோல் 90+17, அதாவது 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த இஞ்சுரி டைமின் 17-வது நிமிடம். பொய்யா?

பச்சைவெள்ளை:
கத்தார் கோல் எப்போது விழுந்தது? அதையும் சொல்லுங்களேன், வாய் வலிக்காது. 90+7! பென்லாம்ரி 59-வது நிமிடத்திலேயே அடித்துவிட்டார், நாங்கள் 1-0. 90-ல் விசில் ஊதியிருந்தால் நேராக ஃபைனல். இஞ்சுரி டைம் கோல் அடித்த கத்தாரின் முன்தாரிக்கு இனிக்கும், எங்கள் பெலாய்லிக்கு மட்டும் கசக்குமோ?

தோஹாவாசி:
அன்று நான் மைதானத்தில்தான் இருந்தேன். கத்தார் சமன் செய்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தலைத்துணியைக் கழற்றிச் சுழற்றினார், கருப்பு வளையம் உருண்டு இரண்டு வரிசை கீழே போய்விட்டது. சரி, இனி எக்ஸ்ட்ரா டைம்தான் என்று பாதிப் பேர் தண்ணீர் வாங்கப் போனார்கள். திரும்பி வந்தால் பெலாய்லி பெனால்டி புள்ளியில் பந்தை வைத்துக்கொண்டிருக்கிறார்! பலகையில் காட்டிய இஞ்சுரி டைம் எப்போதோ முடிந்துவிட்டது, ஐயா.

பச்சைவெள்ளை:
பலகை, பலகை, பலகை! பலகையில் காட்டுவது குறைந்தபட்ச நேரம். ஆட்ட விதி 7-ஐப் படித்துவிட்டு வாருங்கள்: ரெஃப்ரி அதைக் கூட்டலாம், குறைக்கத்தான் கூடாது. தவிர, அந்தப் பெனால்டியை கத்தார் கோல்கீப்பர் சாத் அல்-ஷீப் தடுத்தார். திரும்பி வந்த பந்தைத்தான் பெலாய்லி உள்ளே தள்ளினார். அதையும் ரெஃப்ரி ஓடிவந்து உதைத்தாரா?

சும்மாபார்ப்பவன்:
அந்த ரெஃப்ரி மார்சினியாக். அடுத்த வருடம் உலகக் கோப்பை ஃபைனலுக்கே விசில் ஊதியவர். அதே உலகக் கோப்பையில் இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தில் முதல் பாதியிலேயே 14 நிமிடம் சேர்த்தார்கள். யாரும் அழவில்லையே.

அட்லஸ்ரசிகன்:
14 வேறு, 17 வேறு. 107-வது நிமிடம், நண்பரே! 107!

பாக்தாத்பாய்:
நீங்கள் இருவரும் நிமிடத்தை எண்ணுங்கள், நாங்கள் கோப்பையை எண்ணுகிறோம். 1964, 66, 85, 88. இராக் நான்கு முறை. வேறு யாருக்கு இருக்கிறது?

பச்சைவெள்ளை:
பாய், 1964-ல் குவைத்துக்கு வந்ததே ஐந்து அணிகள். எகிப்தும் இல்லை, நாங்களும் இல்லை. இப்போது 16 அணிகள். தெருவில் தனியாக ஓடி முதல் பரிசு வாங்கிய கதையை இங்கே கொண்டுவராதீர்கள்.

பாக்தாத்பாய்:
தனியாக ஓடினோமா? வராதவனுக்கு நாங்களா டிக்கெட் எடுத்துக் கொடுக்க முடியும்? வாயை அளந்து பேசுங்கள்.

அட்லஸ்ரசிகன்:
அவரிடம் போய் மரியாதை எதிர்பார்க்கிறீர்களே பாய். நாங்கள் 2025-ல் எங்கள் நட்சத்திரம் ஹக்கிமி இல்லாமல், பி டீமை அனுப்பி ஜெயித்தோம். ஃபைனல் முடிந்த மூன்றாம் நாள் சொந்த ஊரில் ஆப்பிரிக்கக் கோப்பை, முதல் டீம் அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இது கெத்து.

தோஹாவாசி:
2021-ல் அல்ஜீரியா மட்டும் தன் நட்சத்திரம் மஹ்ரெஸை அழைத்து வந்ததா என்ன? அதுவும் பி டீம்தான்.

பச்சைவெள்ளை:
எம்போல்ஹி, பென்லாம்ரி, பெலாய்லி, பிராஹிமி, பூனெஜா, இவர்கள் பி டீமா? ஐந்து பேரும் 2019 ஆப்பிரிக்கக் கோப்பை வாங்கியவர்கள். செனகலுக்கு எதிராக அந்த ஃபைனலில் ஒரே கோல் அடித்ததே பூனெஜா.

சும்மாபார்ப்பவன்:
அப்படியானால் பலமான டீமை வைத்துக்கொண்டும் 107-வது நிமிடம் வரை திணறினீர்களா? 😀

பச்சைவெள்ளை:
நீங்கள் சும்மா பார்ப்பவர்தானே, சும்மா பாருங்கள்.
அட்லஸ்ரசிகன் எரிச்சல் எங்கிருந்து கிளம்புகிறது என்று ஊருக்கே தெரியும். அதே 2021 கால் இறுதி. மொராக்கோவுக்கு எதிராக பெலாய்லி நெஞ்சில் பந்தை இறக்கி ஏறத்தாழ 40 மீட்டரிலிருந்து அடித்தாரே, அது. 2-2, பெனால்டியில் 5-3. நான்கு வருடமாகச் செரிக்கவில்லை.

அட்லஸ்ரசிகன்:
அது குருட்டு அதிர்ஷ்டம். கண்ணை மூடிக்கொண்டு உதைத்தது.

பச்சைவெள்ளை:
அப்படியா? 2025 ஃபைனலில் ஜோர்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சூட்டோடு உங்கள் தன்னான் அதைவிடத் தொலைவிலிருந்து அடித்தாரே, அதற்கு “மேதை” என்று எழுதியவர் நீங்கள்தான். பெலாய்லி அடித்தால் குருடு, தன்னான் அடித்தால் மேதை. நல்ல நியாயம்.

அட்லஸ்ரசிகன்:
கோல்கீப்பர் கோலை விட்டு முன்னால் வந்து நின்றதைப் பார்த்துத் தன்னான் அடித்தார். அதிருக்கட்டும், 2025-ல் நடப்புச் சாம்பியன் என்று தோஹாவில் வந்து இறங்கினீர்களே, எமிரேட்ஸிடம் கால் இறுதியில் பெனால்டியில் தோற்றது யார்? அங்கே 107-வது நிமிடம் கிடைக்கவில்லையோ?

பச்சைவெள்ளை:
தலைப்பு 2021. தலைப்பில் நில்லுங்கள். 2021 ஃபைனலில் துனிசியாவை 2-0 என்று வென்றோம், கோல் அடித்தது சயூதும் பிராஹிமியும். அதில் எந்த ரெஃப்ரி அன்பளிப்பு?

தோஹாவாசி:
அந்த ஃபைனலுக்கு வந்ததே 107-வது நிமிடத்தால்தானே.

பச்சைவெள்ளை:
90+7!

பாக்தாத்பாய்:
“தெருவில் தனியாக ஓடி” என்று சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்.

பச்சைவெள்ளை:
பாய், 1988-க்கு அப்புறம் ஒன்று வாங்கிவிட்டு வாருங்கள், பேசலாம்.