‘நீரில்லா ஆறு, மரமில்லா மலை’: வேலூர் சொலவடை இன்னும் செல்லுமா?

கோட்டைவெளி: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில். வேலூர் என்றாலே இதை எடுத்து விடுகிறார்கள். (பெண்களைப் பற்றி ஓர் அடி சேர்ப்பவர்களும் உண்டு, அது வெறும் வம்பு.) காலாவதியான சரக்கு என்பது என் கட்சி. கோட்டைக் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே பக்கத்துச் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பிவிட்டார். பூஜை நடக்கிற கோயிலில் சாமி இல்லையா?

தோட்டப்பாளையம்: அந்த அடி போச்சு, ஒத்துக்கறேன். அதுக்காக மத்ததையும் சேர்த்துக் குப்பையில போடணுமா?

கோட்டைவெளி: அரசன் அடி பிறந்தபோதே பொய்யாச்சே. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1816-இல் வந்து, 1832-இல் செத்தது வரை இங்கேதானே இருந்தார்.

தோட்டப்பாளையம்: கைதியா இருந்தார்பா! திப்புவோட பிள்ளைங்களும் அப்படித்தான். 1806 சிப்பாய்க் கலகம் முடிஞ்சதும் கல்கத்தாவுக்கு மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க. ஆள முடியாத ராஜா எத்தனை பேர் இருந்தா என்ன, சொலவடை ஜெயிக்குது.

ஊற்றுக்கால்: இரண்டு பேரும் கோட்டையையே சுற்றுகிறீர்கள். உண்மையான சிக்கல் ஆற்றைப் பற்றிய அடியில் இருக்கிறது. பாலாறு நீரில்லாத ஆறு அல்ல, நீரை மணலுக்குள் வைத்திருந்த ஆறு. மேலே வறண்டு தெரிந்தாலும் ஊற்றுக்கால் (மணலுக்குள் ஊறும் நீரைக் கொண்டுபோகும் கால்வாய்) வெட்டிப் பாசனம் செய்தார்கள். ஆற்றின் சரிவைவிடக் கால்வாயின் சரிவைக் குறைத்து வெட்டுவது முறை. தலைப்பில், அதாவது கால்வாய் ஆரம்பிக்கும் இடத்தில், மணலுக்கடியில் ஆழமாகத் தொடங்கும். கீழே போகப் போக ஆற்றுமட்டம் இறங்க, கால்வாய் மேலே வந்து கரை தாண்டி ஏரிக்கோ வயலுக்கோ தானாகப் பாயும். மோட்டார் வேண்டாம். வெள்ளத்தில் மூடிய மணலை மட்டும் மறுபடி வாரிவிட வேண்டும்.

கோட்டைவெளி: இப்போது ஏன் பாயவில்லை? ஆந்திராக்காரன் தடுப்பணை கட்டினதால்தானே? 2016-இல் புல்லூரில் 5 அடியை 12 அடியாக உயர்த்தினார்களே.

ஊற்றுக்கால்: அதுவும் உண்டு. மைசூருடன் 1892-இல் சென்னை மாகாணம் போட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் இருக்கிறது. மேலே தேக்குவது கீழே உள்ளவனைக் கேட்காமல் நடக்கக் கூடாது. ஆனால் மணல் அள்ளியது நாம்தான். ஆற்றுப்படுகை இறங்கினால் நிலத்தடி நீர்மட்டமும் கூடவே இறங்கும், பழைய கால்வாய்த் தலைப்பு அந்தரத்தில் தொங்கும். அப்புறம் எவ்வளவு தூர்வாரினாலும் சொட்டு வராது. மணலே இல்லாமல் களிமண் வெளிப்பட்ட இடத்தில் வெள்ளநீர் இறங்காது, ஓடிவிடும். 2021 நவம்பரில் இரு கரை தொட்டுப் போன தண்ணீரில் எவ்வளவு உள்ளே இறங்கியது?

தோட்டப்பாளையம்: தோல் தொழிற்சாலைக் கழிவை விட்டுட்டீங்க. 1996-ல உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன வழக்கு. கீழ தண்ணி இருக்கிற இடத்துலயும் கிணறு உப்புக் கரிக்குதே.

கோட்டைவெளி: அப்போ என் பக்கம் வந்துவிட்டீர்கள். சொலவடை இதை எல்லாம் மூடி, ‘இந்த ஊரின் தலையெழுத்து’ என்று ஆக்குகிறது. மேடையில் சிரித்துக் கைதட்டிவிட்டு யாரும் மணல் லாரியைக் கேட்பதில்லை.

தோட்டப்பாளையம்: சொலவடை ஏன்னு சொல்லாது, என்னன்னு சொல்லும். காரணத்தை நாமதான் தேடணும். மலையைப் பத்தின அடியும் அப்படித்தான்: பாறைமேல மண்ணே ரெண்டு சாண் இல்லாத இடத்துல குழி வெட்டிக் கன்னு நட்டா கோடையில கருகிடும். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு மண்ணை நிறுத்தணும், ஆடு ஏறாம பாத்துக்கணும்.

ஊற்றுக்கால்: அது சரி. ஆற்றுக்கும் அதேபோல முதல் வேலை ஒன்று உண்டு: தலைப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது, இன்றைய படுகை எங்கே இருக்கிறது என்று லெவல் எடுப்பது. அதற்கு அப்புறம்தான் தூர்வாரல் டெண்டர்.