லீஸ் 82 வருடம்தான் மிச்சம்: சொலிசிட்டர் விஷயத்தில் உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் முதல் தடவையாக வீடு வாங்குகிறோம். லீஸ்ஹோல்ட் பிளாட் (அதாவது, லீஸில் உள்ள வருடங்களுக்கு மட்டும்தான் நமக்கு உரிமை). ஆஃபரை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்வது) ஆகும்வரை யாரும் பின்வாங்கலாமாமே, வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

ஏஜென்ட் தனக்குத் தெரிந்த சொலிசிட்டரையே (வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வக்கீல்) வைக்கச் சொல்லி நெருக்குகிறார். கமிஷன் இருக்கும்போல; நான் மசியவில்லை.

என் பெரிய கவலை லீஸ். 82 வருடம்தான் பாக்கி. 80-க்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு எகிறும் என்கிறார்கள். லீஸை நீட்டிக்க, வாங்கி 2 வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் போய்விட்டது. அப்படியானால் சாவி கைக்கு வந்ததும் நாமே நீட்டிப்பதா, இல்லை விற்பவரையே இப்போது லீஸை நீட்டிக்கக் கேட்டு நிலச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி அந்த நோட்டீஸின் உரிமையை நம் பெயருக்கு மாற்றிக்கொள்வதா? அப்படிச் செய்தவர்கள் யாராவது?

இன்னொன்று. டெபாசிட்டில் பாதி, அப்பா ஊரில் நிலம் விற்று அனுப்பிய பணம். பணம் வந்த வழிக்கு ஆதாரம் கேட்பார்களாம். கிரயப் பத்திரமோ தமிழில் இருக்கிறது. சான்றளித்த மொழிபெயர்ப்பு கேட்டார்களா? எவ்வளவு நாள் இழுத்தது?

லீஸ்ஹோல்ட் நன்றாகத் தெரிந்த, போன் எடுக்கிற சொலிசிட்டர் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.