நீரில் ஊறிய பழம்படகை வெடிக்காமல் காயவைப்பது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தின் டோவரில் 1992ல் கிடைத்த வெண்கலக் காலப் படகு இன்று உள்ளூர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. 3,500 ஆண்டு பழைய ஓக் பலகை எப்படிச் சுருங்காமல் காய்ந்தது? ஏன் துண்டு துண்டாக வெட்டினார்கள்?

பதில் 1: அந்த மரத்தில் செல்லுலோஸ் பெரும்பாலும் அழிந்துவிட்டது, செல்களைத் தாங்கி நிற்பதே தண்ணீர்தான். வெயிலில் விட்டால் செல்கள் நசுங்கிப் பலகை முறுக்கிக்கொள்ளும். அதனால் முதலில் நீரிலேயே வைத்து, பாலிஎதிலீன் கிளைகால் (தண்ணீரில் கரையும் மெழுகு போன்ற பொருள்) கரைசலை மெல்ல ஏற்ற வேண்டும். 5 சதவீதத்தில் தொடங்கி மாதக்கணக்கில் கூட்டுவது நல்லது. எடுத்த எடுப்பிலேயே அடர்த்தியாக ஊற்றினால், மெழுகு உள்ளே போவதற்குள் தண்ணீர் வெளியேறி மரம் நொறுங்கும். உறுதியான உட்பகுதிக்கு 200 அல்லது 400 ரகம், சிதைந்த மேற்பகுதிக்கு 3350 அல்லது 4000 (எண் கூடக்கூட மூலக்கூறு பெரிது).

பதில் 2: வெட்டியதற்கு முதல் காரணம், அவசரமாகக் குழியிலிருந்து தூக்க வேண்டியிருந்தது. ஊறவைத்த பிறகு உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தினார்கள். அந்த உலர்த்தும் அறைக்குள் முழுப் படகு எங்கே நுழையும்? கடலடியிலிருந்து மீட்டு முழுசாகவே வைத்த சுவீடனின் வாசா கப்பலுக்கு 17 ஆண்டுகள் கரைசல் தெளித்தார்கள். சின்ன அருங்காட்சியகத்துக்குக் கட்டுப்படியாகாது.

பதில் 3: காட்சிக்கு வைத்த பிறகுதான் தலைவலியே. ஈரப்பதம் 50–55 சதவீதத்தில் ஆடாமல் நிற்கட்டும். கூடினால் 400 ரகம் பிசுபிசுவென்று கசியும். மரத்திலுள்ள கந்தகம் காற்றுப்பட்டு அமிலமாகும், இரும்பு அதை வேகப்படுத்தும். வெள்ளை, மஞ்சள் பொடி பூத்தால் உடனே பிஎச் தாள் (அமிலத்தன்மை காட்டும் தாள்) வைத்துப் பாருங்கள். தாங்கிகளில் இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம்.